அமுதவல்லியின் இடது கை

பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன ஒரு பெரியவருக்கு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை முற்பகல். வரவேற்பறைப் பெண் கதவோரம் வந்து நின்று, "சார், கீழ்பென்னாத்தூர்லேருந்து போன்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடமாக அந்த ஊரிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் இதுதானோ என்று நினைத்துத்தான் எடுப்பேன்.

ரிசீவரை எடுத்ததும் மறுமுனையில் கடைத்தெருச் சத்தம். பிறகு ஒரு செருமல்.

"சார், ராமலிங்கம் பேசறேன். அமுதா போயிட்டா சார். காலைல ஏழு மணிக்கு. நீங்க வந்தா நல்லாருக்கும்."

நான் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். திரும்பி வந்து பெரியவரின் கையை மறுபடியும் எடுத்துக்கொண்டேன். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க தவறிட்டாங்க ஐயா" என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அமுதவல்லி எனக்கு உறவில்லை. சிகிச்சைக்கென்று என்னிடம் வந்த நோயாளியும் இல்லை. அவருடைய உடலுக்குள் சாவு நுழைந்ததை அவருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொண்டவன் நான். தெரிந்தும் பொய் சொன்னவன். அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த புதிதில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தட்டச்சராக வந்தார். கணவர் ராமலிங்கம் வேன் வைத்து ஓட்டுகிறார். மூட்டை ஏற்றுவார், கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றுவார். பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தில் அவருடைய வேகத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மற்றவர்கள் அடித்தால் எழுத்து எழுத்தாகக் கேட்கும், அமுதா மேடம் அடித்தால் மழை பெய்வதுபோல ஒரே சத்தமாகக் கேட்கும் என்பார்கள்.

வில் அவர் கைக்கு வந்தது ஒரு புகார் மனுவால். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கமிருந்த ஒரு விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி, பின்புறப் பொட்டலில் வைக்கோல் கட்டை நிறுத்தி அம்பு விடுகிறார், ஆடு மேய்ப்பவர்கள் பயப்படுகிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். அதன்மேல் விசாரிக்கச் சொல்லிக் கடிதம் தட்டச்சு செய்தவர் இவர்தான். அடித்து முடித்துவிட்டு, அன்று மாலை தானே போய்ப் பார்த்திருக்கிறார்.

"வெறும் வேடிக்கை பாக்கத்தான் சார் போனேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "அந்தம்மா நாணை இழுத்துட்டு நின்னாங்க. அப்படியே நிக்கறாங்க. மூச்சு கூட தெரியல. எனக்கு அம்பு மேல கண்ணே போகல. ஒரு மனுஷி இவ்ளோ சும்மா நிக்க முடியுமான்னு பாத்துட்டே இருந்தேன்."

மனு முடிந்துபோயிற்று. இவர் போவது நிற்கவில்லை; அந்தப் பெண்மணியிடமே வில் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பெண்மணி ஒன்றரை வருடம் கழித்து ஊர் திரும்பியபோது, கழற்றி மாட்டும் அந்த வில்லை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வேங்கிக்கால் ஏரிக்குப் பின்னால் இருந்த பொட்டலில், அலுவலகத்துக்கு முன்பாக, காலை வேளைகளில் தனியாகப் பயிற்சி செய்தார். கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமிகளில் மட்டும் வில்லைத் தொடமாட்டார். "மனுஷங்க நடமாடற எடத்துல இது வேணாம்" என்பார். சில வருடங்களில் மாநிலப் போட்டிகளில் இரண்டு முறை பதக்கம் வாங்கினார். அலுவலகத்தில் ஒருமுறை கைதட்டினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

நான் அவரைச் சந்தித்தது தொண்ணூறுகளின் கடைசியில். இந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டே, சென்னையில் மேல்படிப்புக்கான ஆய்வேடு ஒன்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாக வில் பிடிப்பவர் கையிலும் தேர்ந்தவர் கையிலும் தசைகள் எப்படி ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்கின்றன என்பதுதான் பொருள். தசை சுருங்கும்போது அதில் மிக மெல்லிய மின்சாரம் ஓடும். தோலின் மேல் பொட்டுப்போல் தகடுகளை ஒட்டி, அந்த மின்சாரத்தைக் காகிதச் சுருளில் கோடாக வரையும் கருவி ஒன்று உண்டு. என் பேராசிரியர் பழைய கருவி ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், பக்கத்துப் பம்புசெட்டு அறையிலிருந்து ஒயர் இழுத்து அந்தப் பொட்டலில் வைத்தேன்.

புதியவர்களாக அலுவலக ஊழியர்கள் சிலர் வந்தார்கள். அந்தப் புதியவர்கள் வரிசையில் நானும் ஒருவன். தேர்ந்தவர் என்று ஊரில் இருந்தது அமுதவல்லி ஒருவர்தான்.

வில்லில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அம்பை வேண்டிய அளவு இழுத்ததும் அது நழுவி 'கிளிக்' என்று சத்தமிடும். சத்தம் கேட்டதும் நாணை விட வேண்டும். கேட்பதற்கு எளிது. புதியவன் என்ன செய்கிறான் என்றால், சத்தம் கேட்டதும் விரல்களை வலிந்து திறக்கிறான். முன்கையின் உட்புறத் தசை மடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வெளிப்புறத் தசை நீட்டப் பார்க்கிறது. இரண்டும் மோதிக்கொள்கின்றன, அம்பு எங்கோ போகிறது. என் சுருளை விரித்துப் பார்த்த அமுதவல்லி சிரித்துவிட்டார்.

"உங்க கையில ஒரு பஞ்சாயத்தே நடக்குது சார். ஆளாளுக்கு பேசறாங்க."

அவருடைய சுருளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாணை இழுக்கும்போது கோடு ஏறியது. நிதானமாக நின்றது. கிளிக் விழுந்ததும் உட்புறத் தசை சட்டென்று அடங்கியது. வெளிப்புறத் தசை அளவாக எழுந்து தணிந்தது. பத்து அம்புகள் விட்டார். பத்துச் சுருளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் பிடித்தால் ஒரே கோடாகத் தெரிந்தது.

"எப்படி மேடம் விடறீங்க?" என்று கேட்டேன்.

"நான் விடறதில்ல சார். அது போகுது. நான் சும்மா இருக்கேன்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "கை சும்மா இருக்கறதுதான் சார் கஷ்டம்" என்றும் சொன்னார்.

அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 

ஏழெட்டு மாதங்கள் கழித்து இரண்டாவது அளவீடு. இம்முறை வில் பிடிக்கும் இடது கையிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கும் சதையில் ஒரு தகடு ஒட்டினேன். வில்லின் பாரம் வந்து உட்காரும் இடம் அது. ஒட்டிவிட்டு, "கையை மடியில வெச்சிட்டு சும்மா உக்காருங்க மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். வேலை செய்யாத தசை நேர்க்கோடுதான் போட வேண்டும்.

கோடு நேராக ஓடவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக முள் போல எழுந்தது.

பசை காய்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். மறுபடியும் முள். ஒயரை மாற்றினேன். மறுபடியும். பம்பு மோட்டார் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்தேன். ஓடவில்லை. கடைசியில் அதே தகட்டை, அதே ஒயரை என் கையில் ஒட்டிப் பார்த்தேன். கோடு நேராக, அமைதியாகப் போயிற்று. திரும்பவும் அவர் கையில் ஒட்டினேன். முட்கள் எழுந்தன. குனிந்து பார்த்தபோது, அந்தச் சதையில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு ஓடியது. அந்த இடம் சற்றுக் குழிந்துமிருந்தது.

எனக்குத் தெரியும். மேல்படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பார்கள். வலியில்லாமல் சதை குழிந்து, சும்மா இருக்கும்போது துடித்தால், எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று. ஆனால் வேறு சில்லறைக் காரணங்களும் இருக்கலாம். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கலாம். நரம்பு எங்கோ அழுந்தியிருக்கலாம். நான் அந்தச் சில்லறைக் காரணங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார், இவ்ளோ நேரம்?" என்றார்.

"மெஷின் கோளாறு மேடம். சென்னைக்கு எடுத்துட்டு போய்தான் பாக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கையைப் பார்த்தார். "சரி சார்" என்றார். அப்போது அவருக்கு மூன்று வாரத்தில் சென்னையில் ஒரு தேர்வுப் போட்டி இருந்தது. தேறினால் தேசிய அளவில் கலந்துகொள்ளலாம். வருடக்கணக்காக விடியற்காலையில் எழுந்து உழைத்தவர். போட்டி முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

போட்டிக்கு நானும் உடன் போனேன். ஆய்வுக்குப் பார்க்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில் அவர் கையை விட்டு என் கண்ணை எடுக்க முடியவில்லை. முதல் சுற்று நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவது சுற்றின் நடுவில் வில்லை உயர்த்தி, நாணை முழுக்க இழுத்து நின்றார். இடது கை மணிக்கட்டு மெல்லச் சாய்ந்ததை நான் பார்த்தேன். நிமிர்த்தினார். மறுபடியும் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் தகடு நழுவிக் கிளிக் என்றது.

அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டால் விரல் விட்டுவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் பழக்கியிருந்தார். வில் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கும் வேலை விரல்களுக்கு இல்லை. அம்பு புறப்பட்டுவிட்டது. இலக்குப் பலகைகளைத் தாண்டிப் பக்கவாட்டில் போய், நடுவர்கள் உட்கார்ந்திருந்த ஷாமியானாவின் துணியைக் கிழித்து, பின்னாலிருந்த மரத்தூணில் பாய்ந்து நின்றது. தூணுக்கு ஒரு முழம் இப்பால் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தார்.

யாரும் கத்தவில்லை. அந்தப் பெண் எழுந்து தூணைப் பார்த்தார், தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அமுதவல்லி வில்லைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனார். இரண்டு கையும் கூப்பி நின்றார். 

அன்று பிற்பகலே பஸ் ஏறினோம்.  செஞ்சிக்கு முன்னால், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"மெஷின் சரியாயிடுச்சா சார்?"

நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மெஷின்ல கோளாறு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க உங்க கையில ஒட்டிப் பாத்தீங்களே. அப்பவே தெரிஞ்சிடுச்சி."

"மேடம், நான் சொல்லியிருக்கணும். போட்டி முடியட்டும்னு..."

"இருங்க. நானும் சொல்லல. ரெண்டு மாசமா டைப் அடிக்கறப்போ இடது கை எழுத்தெல்லாம் லேட்டா விழுது. சூப்பிரண்டன்ட் லெட்டர திருப்பி அனுப்பறாரு. தாவணி கட்டன காலத்துலேருந்து அடிக்கறேன் சார், என் கை எனக்குத் தெரியாதா? போட்டி முடியட்டும்னுதான் நானும் இருந்தேன்."

பஸ் குலுங்கியது. அவர் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு மேல பாஞ்சிருந்தா, நீங்களும் நானும் சேந்துதான் சார் கொன்னிருப்போம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துது. ரெண்டு பேரும் வாய மூடிக்கினு இருந்தோம்."

இவ்வளவு நேரான சொற்களை அதற்கு முன்போ பின்போ என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அதற்கடுத்த மாதம் சென்னையில் நரம்பியல் மருத்துவரிடம் ராமலிங்கமும் நானும் அழைத்துப் போனோம். மூளையிலிருந்து தசைகளுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய். கையில் தொடங்கினால் காலுக்குப் போகும், தொண்டைக்குப் போகும், கடைசியில் மூச்சுக்குப் போகும். அறிவு மட்டும் தெளிவாக இருக்கும், எல்லாம் தெரியும். மருந்து கிடையாது. மருத்துவர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். ராமலிங்கம் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஊசி எதாவது போடலாமா சார்?" என்றார். மருத்துவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அமுதவல்லி மருத்துவமனைக்கு என்னைத் தேடி வந்தார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ராமலிங்கம் வாசலில் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஆய்வுல புதுசா கத்துக்கறவங்க கைய அளந்தீங்க, தேர்ந்தவங்க கைய அளந்தீங்க. தேர்ந்த கை திரும்பிப் போறத யாராவது அளந்திருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மேடம்."

"அப்ப அளங்க. மாசம் ஒரு தடவ வரேன்."

நான் மறுத்தேன். அது ஆய்வேட்டில் சேராது, என் பேராசிரியர் ஏற்கமாட்டார் என்றேன். பேராசிரியரும் பின்னர் அப்படியேதான் சொன்னார். அமுதவல்லி விடவில்லை. அதற்குள் ராமலிங்கம் உள்ளே வந்துவிட்டார்.

"சார், இந்த ஒயர ஒட்டறதால இவளுக்கு நோவு எதாவது கம்மி ஆவுமா?"

"ஆகாதுங்க."

"அப்புறம் எதுக்கு? சாவற வரைக்கும் இவள அறுத்து அறுத்துப் பாக்கவா?"

"எனக்கு வேணும்ங்க" என்றார் அமுதவல்லி, கணவரைப் பார்த்து. "என் கையிலேருந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கினு போவுது. என்னன்ன எடுத்துக்கினு போவுதுன்னு தெரியாம கெடக்கறதுதான் எனக்கு பயமா இருக்குது."

ராமலிங்கம் வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரே வேனில் கூட்டிவந்தார்.

பொட்டலுக்கு அதற்குப் பிறகு போகவில்லை. மருத்துவமனையின் பின்கட்டில், சுவரையொட்டி வைக்கோல் கட்டை நிறுத்தி, மூன்றடி தூரத்திலிருந்து விட்டார். அறையில் நாங்கள் மூவர் தவிர யாரும் இருக்கக் கூடாது, கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. சில மாதங்களில் அந்த வில்லை இழுக்க முடியவில்லை. சிறுவர்கள் பழகும் லேசான வில் ஒன்றை வாங்கினோம். பிறகு அதுவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கச் செய்தேன். பழைய வில்லிலிருந்து கழற்றிய தகட்டை நானே நகத்தால் தட்டிக் கிளிக் சத்தம் எழுப்பினேன்.

கோடுகள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் இடது கை தாழ்ந்தது. பிறகு வலது முன்கையிலும் முட்கள் எழுந்தன. அடங்கியிருக்க வேண்டிய தசை அடங்கவில்லை, எழ வேண்டியது நேரத்துக்கு எழவில்லை. ஒரு ஞாயிறு இரண்டு சுருள்களைக் கேட்டு வாங்கி, பெயர் எழுதிய ஓரத்தை மடித்து, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எது என்னுது, சொல்லுங்க."

நான் வெகுநேரம் பார்த்தேன். இரண்டிலும் தசைகள் மோதிக்கொண்டிருந்தன. இரண்டும் கோணல்மாணலாக ஏறி இறங்கின. இடப்பக்கம் இருந்ததைக் காட்டினேன். அவர் மடிப்பைப் பிரித்தார். அது நான் முதன்முதலாக வில் பிடித்த நாளில் எடுத்தது.

"பாத்தீங்களா, ரெண்டு பேரும் ஒரே கிளாஸுக்கு வந்துட்டோம்" என்று சிரித்தார். அப்போதே அவர் பேச்சு சற்றுக் குழறத் தொடங்கியிருந்தது. ராமலிங்கம் எழுந்து வேனுக்குப் போய்விட்டார். சிரிப்பு அடங்கியதும் அமுதவல்லி சொன்னார்: "ஒரு வித்தியாசம் இருக்குது சார். உங்களுக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியுது. கைக்குத்தான் தெரியல."

அன்று மாலை எல்லாச் சுருள்களையும் எடுத்து மறுபடி பார்த்தேன். அவர் சொன்ன வித்தியாசம் கோட்டில் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். தெரிந்தது. பலம் போயிருந்தது, ஒழுங்கு கலைந்திருந்தது. ஆனால் கிளிக் விழும் அந்தக் கணத்தில் மட்டும், இத்தனை இரைச்சலுக்கும் நடுவில், உட்புறத் தசை சட்டென்று ஒருமுறை தாழ்ந்தது. ஒவ்வொரு முறையும், சத்தத்துக்குப் பிறகு முதல் நாளில் தாழ்ந்த அதே நேர இடைவெளியில். என்னைப் போன்ற புதியவர்கள் எவர் சுருளிலும் அது இல்லை. எங்கள் தவறு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் அவருக்குக் காட்டினேன். விரல் கோட்டின்மேல் சரியாக நிற்காததால், முகத்தைக் காகிதத்துக்கு அருகில் கொண்டுபோய் ஒவ்வொரு சுருளாகப் பார்த்தார். "இருக்குது" என்றார். பிறகு, "இதுவும் போவும். போறப்ப சொல்லணும். மெஷின் கோளாறுன்னு சொல்லக் கூடாது" என்றார்.

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் எனக்கு விடியும்போதே பயமாக இருந்தது. தகட்டைத் தட்டுவேன். காகிதம் ஓடும். அந்தச் சிறு பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கிறது என்று தலையாட்டுவேன். அவர் மூச்சு விடுவார். ஐந்து மாதம் அப்படி ஓடியது.

ஆறாம் மாதம் பட்டையை அவர் விரல்களில் ராமலிங்கம்தான் மாட்டிவிட்டார். தட்டினேன். பள்ளம் இல்லை. மறுபடி தட்டினேன். பத்து முறை தட்டினேன். தட்டிக்கொண்டே போனால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும், நிறுத்தவும் முடியவில்லை. பசையை மாற்றிப் பார்க்கலாம் என்று கை போயிற்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றேன். "அது போயிடுச்சி."

காகிதம் ஓடிக்கொண்டே இருந்தது. ராமலிங்கம் கருவியை நிறுத்தும் விசையைத் தேடி, எது என்று தெரியாமல், சுவரிலிருந்து ஒயரையே பிடுங்கினார்.

பிறகு அமுதவல்லி பேசினார். அவர் குழறலைப் புரிந்துகொள்ள நாங்கள் பழகியிருந்தோம். "நேரா சொன்னீங்க. போதும் சார். இதோட நிறுத்திக்கலாம்." தகடுகளை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். தோலில் வட்டம் வட்டமாகத் தடம் இருந்தது. ராமலிங்கம் ஈரத்துணியால் பசையைத் துடைத்தார், குழந்தைக்குத் துடைப்பதுபோல. சுருள்களை என்ன செய்வது என்று கேட்டேன். "வெச்சிருங்க. என்னைக்காவது யாருக்காவது ஒரு கேள்வி வரும்" என்றார்.

அதற்குப் பிறகு கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கு மாதம் இருமுறை போய்வந்தேன். அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது என் வேலையானது. ராமலிங்கம் வேன் ஓட்டுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கஞ்சி ஊட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொண்டார். ஒருமுறை என்னிடம் தனியாகச் சொன்னார்: "அன்னைக்கு உங்கள தப்பா பேசிட்டேன் சார். அந்த ஞாயித்துக்கிழமைக்காகத்தான் அவ மாசம் பூரா இருந்தா." கடைசி நாலு மாதம் பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. ஆமாம் என்றால் கண்ணை ஒருமுறை மூடுவார், இல்லை என்றால் இரண்டு முறை. போன மாதம் போயிருந்தபோது, "பயமா இருக்குதா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். என் பார்வையை விட்டு விலகாமல் அப்படியே பார்த்தார். நான் கேட்டதற்காக வருந்தினேன். அவர் பொய் சொல்லவில்லை.

அந்தத் துடிப்பைப் பார்த்த நாளிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. யார் கையை நீட்டினாலும், டீக்கடையில் சில்லறை கொடுப்பவர் ஆனாலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என் கண் போய்விடுகிறது. குளிக்கும்போது என் கையிலும் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சதையில் எப்போதாவது இயல்பாக ஒரு துடிப்பு ஓடினால்கூட அன்று முழுவதும் வேலை ஓடுவதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். அவர் முகம் மிகவும் இளைத்திருந்தது. ராமலிங்கம் என்னைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டு நின்றுகொண்டார். வானம் கருத்துக் கிடந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று வேகமாக எடுத்தார்கள்.

சுடுகாட்டுக்குப் போகும் வழி வயல்களுக்கு நடுவில் போகிறது. மல்லாட்டை பிடுங்கும் காலம். வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள் பறைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் கையில் வேரோடு செடியைப் பிடித்தபடி வரப்பு வரைக்கும் வந்து, கடைசியாக நடந்துகொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

"யாருப்பா போறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கு முன்னால் போனவர் திரும்பி, "நம்ம வேன் ராமலிங்கம் பொஞ்சாதி. கலெக்டர் ஆபீஸ்ல டைப் அடிச்சிக்கினு இருந்துச்சே, அந்த அமுதா" என்றார்.

"ஐயோ, அந்தப் பொண்ணா" என்றார் அந்த அம்மாள். செடியை வரப்பில் வைத்துவிட்டு, மண் அப்பிய கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

அந்த அம்மாளிடம் அமுதவல்லியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது. ஊர்வலம் முன்னால் போய்விட்டது, மழையும் தூற ஆரம்பித்தது. நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட்டேன். அமுதவல்லி மேடம், நீங்கள் கேட்டபடி, எதையும் குறைக்காமல். போய் வாருங்கள்.